சிங்கப்பூரில் எங்கே தங்கலாம்?

கேள்வி: பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறோம். மெரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா இரண்டிலும் காசினோ இருக்கிறதாம். எதில் தங்கலாம்?
– வாசகி, ராசிபுரம்

பதில்: பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் செந்தோசாதான். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் நடக்கிற தூரம். களைத்தால் அறைக்குத் திரும்பிவிடலாம். சாண்ட்ஸில் நீங்கள் கொடுக்கும் காசு 57-வது மாடி நீச்சல்குளத்துக்கு. தங்குபவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஓர் இரவு போதும், அதற்கு மேல் தண்டச் செலவு. ஆனால் அங்கிருந்து ரயில் மாறாமல் லிட்டில் இந்தியா போய் நெய் ரோஸ்ட் சாப்பிடலாம் (ராசிபுரம் நெய்யை எதிர்பார்க்காதீர்கள்).

காசினோவா? 21 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களிடம் நாளொன்றுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம். நமக்கோ பாஸ்போர்ட்டைக் காட்டினால் இலவசம். சொந்த ஜனத்தைத் தடுத்துவிட்டு விருந்தாளியை வா வா என்கிறார்கள்! வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.