புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்

கிள்ளானில் உள்ள என் பாட்டி வீட்டில் என்றுமே புழுங்கல் அரிசிதான். "வாடை அடிக்குது பாட்டி" என்று சிறு வயதில் தட்டைத் தள்ளிவிடுவேன். பல்கலைக்கழகத்தில் உணவறிவியல் படிக்க வந்த பிறகே, அந்த வாடைக்குப் பின்னால் கோலாலம்பூரின் கதை ஒன்று இருப்பதை அறிந்தேன்.

உமிக்கு அடியில் அரிசியைத் தவிடு மூடியிருக்கிறது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் உள்ளது. ஆனால், தவிட்டில் எண்ணெயும் உண்டு. தவிடு நீக்காத அரிசி நம் நாட்டு வெப்பத்தில் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடித்துவிடும். எனவே கிடங்கில் நெடுநாள் இருக்க வேண்டிய அரிசியை ஆலைகள் வெள்ளையாகத் தீட்டின. அரிசி கெடாமல் நின்றது. அதையே நம்பி உண்டவர்கள்தான் கால் வீங்கி, இதயம் தளர்ந்து பெரிபெரியால் மடிந்தார்கள்.

நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன், புழுங்கல் அரிசி உண்ணும் தமிழர்களிடையே இந்நோய் அரிதாக இருப்பதைக் கவனித்தார். வெள்ளை அரிசி கிடங்கில் பழையதாகும்போது அதில் நஞ்சு உண்டாகிறது என்பது அவர் ஊகம். டாக்டர் பிளெட்சர் 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினருக்கு ஓர் அரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்கு மற்றோர் அரிசியும் கொடுத்தார். ஆண்டு முடிவதற்குள் வெள்ளை அரிசி உண்ட பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. யாரிடமும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு அனுமதி தராது.

பிராடனின் ஊகம் பாதிதான் சரி. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் 1909-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழிகள் முடங்கின. தவிடு சேர்த்துக் கொடுத்தவை தப்பின. குற்றவாளி நஞ்சல்ல, இழந்த சத்து.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடும். ஆயினும் அது என்றென்றும் நிற்காது. சேமிப்புக் காலம் நீள நீள, வெப்பம் கூடக் கூட, தயமின் குறைந்துகொண்டே போகும். அடுப்பருகே மூட்டையை வைக்கும் பழக்கத்தை நாம் விடலாம். அரிசியை மூன்று நான்கு முறை அலசுவதும் வேண்டாம்; கழுநீரோடும் சத்து போகிறது.

சென்ற தீபாவளிக்கு இதையெல்லாம் பாட்டியிடம் பெருமையோடு சொன்னேன். "தெரிஞ்சா சாப்பிட்டோம்? எஸ்டேட்டு கடையில அதான்டா கெடச்சிச்சு" என்றார்.