படகும் பிக்கப் வண்டியும்: சாய்தளத்தில் சறுக்காதிருக்க வழி

நம் நாட்டில் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் குறைவில்லை. பேராக் ஆற்றில் 1930ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட செண்டரோ அணையின் ஏரி, அதே ஆற்றின் மேற்பகுதியிலுள்ள தெமெங்கோர் ஏரி, திரெங்கானுவில் 1985ஆம் ஆண்டு அணை நிறைவுற்றபின் விரிந்து பரந்த கென்யிர் ஏரி ஆகியவற்றுக்கு விடுமுறை நாள்களில் மீன் பிடிக்கச் செல்வோர் பலர். தோட்டத்து நண்பர்கள் நால்வர் ஒன்றுசேர்ந்து ஒரு சிறு படகு வாங்குவதும், அதை இழுவண்டியில் ஏற்றித் தங்கள் பிக்கப் வண்டியில் பூட்டிச் செல்வதும் இன்று அரிய செயலன்று.

நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியை வைத்திருப்பவருக்குப் படகுத்துறையில் அதிகத் தொல்லை இல்லை. ஆனால் நம்மில் பலரிடம் இருப்பவை பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே உந்தும் வண்டிகள். இத்தகைய வண்டியைக் கொண்டும் படகை நீரில் இறக்கலாம், மீண்டும் கரையேற்றலாம். அதற்கு வேண்டியது பெரிய இயந்திரமன்று. அந்த இரண்டு சக்கரங்களைப் பற்றிய தெளிந்த அறிவே ஆகும்.

பால் லோரி கற்பிக்கும் பாடம்

மழை நாளில் செம்மண் மேட்டில் ஏறும் லோரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெறும் லோரி சக்கரம் சுழன்று சறுக்கும். பால் நிறைந்த லோரியோ அதே மேட்டில் மெல்ல ஏறிச் செல்லும். காரணம் என்ன? உந்தும் சக்கரத்தின்மீது எடை அழுந்தினால்தான் டயர் தரையைப் பற்றும். வெறும் பிக்கப் வண்டியின் எடையில் பெரும்பங்கு இயந்திரம் உள்ள முன்புறத்தில் இருக்கிறது. உந்தவேண்டிய பின்புறமோ எடை குறைந்து நிற்கிறது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். வண்டியின் எடை 1,500 கிலோ என்றும், படகும் இழுவண்டியும் சேர்ந்து 600 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். சாய்தளம் எட்டு அடிக்கு ஓரடி உயர்கிறது. அப்படியானால் மொத்த எடையாகிய 2,100 கிலோவில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 260 கிலோவுக்கு ஈடான இழுவிசை வேண்டும். பின்சக்கரங்களின்மேல் வண்டியின் எடை 600 கிலோவும், இழுவண்டியின் முன்முனை அழுத்தும் 60 கிலோவும் ஆக 660 கிலோ அழுந்துகிறது எனக் கொள்வோம்.

ஈரமான, ஆனால் தூய சிமெண்டுத் தரையில் டயர் அந்த எடையில் பத்தில் நான்கு பங்களவு பற்றுமானால் கிடைப்பது 264 கிலோ. வேண்டியதற்கும் கிடைப்பதற்கும் வேறுபாடே இல்லை. சற்றுத் தவறினாலும் சக்கரம் சுழலும். இப்பொழுது பின் அச்சுக்கு நேர்மேலே 50 கிலோ மணல் மூட்டைகள் நான்கினை வைத்துக் கட்டுவோம். வேண்டிய விசை 287 கிலோவாக உயரும். கிடைக்கும் பிடிப்போ 344 கிலோவாக உயரும். வண்டி ஏறிவிடும்.

ஆனால் பாசி படர்ந்த தரையில் பிடிப்பு பத்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டால், மூட்டைகள் இருந்தும் 172 கிலோதான் கிடைக்கும். எனவே மணல் மூட்டை ஈரத்தை வெல்லும், பாசியை வெல்லாது. பின்சக்கரங்களைப் பாசியிலும் நீரிலும் இறக்காமல் இருப்பதே முதல் விதி.

புரோட்டோன் அரீனாவைப் போன்று முன்சக்கரங்களால் உந்தப்படும் வண்டிகளும் உண்டு. மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், இவற்றின் முன்சக்கரங்கள் மேலும் பிடிப்பை இழக்கும். பின்னால் வைக்கும் மூட்டைகளும் இவற்றுக்குப் பயன்படா. செங்குத்தான துறைகளை இவ்வண்டி உடையவர்கள் தவிர்ப்பது நலம்.

துறையை முதலில் நடந்து பாருங்கள்

துறையை அடைந்தவுடன் வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு, சாய்தளத்தில் இறங்கி நடந்து பார்த்தல் வேண்டும். உங்கள் காலணி வழுக்கும் இடத்தில் டயரும் வழுக்கும். பாசி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டறிந்து, அங்கே ஒரு கல்லை அடையாளமாக வையுங்கள். பின்சக்கரம் அக்கல்லைத் தாண்டலாகாது.

அணை ஏரிகளில் நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். நீர் குறைந்த காலத்தில் சிமெண்டுத் தளத்தின் முடிவு நீருக்குச் சற்றே கீழே இருக்கக்கூடும். இழுவண்டியின் சக்கரம் அவ்விளிம்பைக் கடந்து விழுந்துவிட்டால் அதை மீட்பது கடினம். நீண்ட கழியால் ஆழத்தைச் சோதித்துக்கொள்க. கடற்கரைத் துறைகளில் நீர் வற்றிய நேரத்தில் பாசி படர்ந்த பகுதி வெளிப்படும். ஆகவே நீர் ஏறியிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று.

படகை இறக்கும் முறை

சமதரையிலேயே ஆயத்த வேலைகளை முடித்துவிடுங்கள். படகின் அடியிலுள்ள வடிகால் துளையை அடைப்பிட்டு மூடுக. பயணத்திற்காகக் கட்டிய கயிறுகளை அவிழ்க்கலாம். ஆனால் படகின் முன்முனையைப் பிடித்திருக்கும் வின்ச் கயிற்றையும் சங்கிலியையும் நீரை அடையும்வரை கழற்றலாகாது. இழுவண்டி விளக்குகளின் மின் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். நெடுந்தூரம் வந்த சக்கரங்களின் பேரிங்குகள் சூடாக இருக்கும். சூட்டோடு நீரில் இறங்கினால் அவை நீரை உள்ளிழுத்துக் கெட்டுவிடும். சிறிது நேரம் ஆறவிடுவது அவசியம்.

ஓட்டுநரைத் தவிர அனைவரும் வண்டியினின்றும் படகினின்றும் இறங்கிவிட வேண்டும். குழந்தைகளைத் துறைக்கு வெளியே நிறுத்துங்கள். ஓட்டுநர் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சாய்தளத்தில் மட்டும் இருக்கை வாரைக் கழற்றி வைத்திருப்பது நல்லது. வண்டி நீரில் சரிந்தால் வெளியேறும் வழி அதுவே.

பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். இழுவண்டி எப்பக்கம் திரும்பவேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்துங்கள். சிறிது சிறிதாக நகர்த்துக. கோணினால் முன்னே சென்று நேராக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குக.

கைப்பிரேக்கை மட்டும் நம்பலாகாது

இங்கேதான் பலர் ஏமாந்துபோகின்றனர். ஓட்டுநர் கால் பிரேக்கை அழுத்தியிருக்கும்வரை நான்கு சக்கரங்களும் வண்டியைப் பிடித்து நிற்கின்றன. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரம் உந்தும் வண்டியில் கியரும் அதே பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். ஆகவே ஓட்டுநர் காலை எடுத்த மறுகணம், உலர்ந்த தரையில் நிற்கும் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டவிழ்ந்துவிடுகின்றன. வழுக்கும் தரையில் நிற்கும் பின்சக்கரங்கள் மட்டுமே மொத்தச் சுமையையும் தாங்குகின்றன. அவை சறுக்கினால் வண்டி, இழுவண்டி, படகு மூன்றும் நீரை நோக்கிச் செல்லும்.

இதற்கு மாற்று எளியது. ஓட்டுநர் கால் பிரேக்கை விடுவதற்கு முன்பே, துணையாள் ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் நின்றவாறு முன்சக்கரங்களின் பின்புறத்தில் முட்டுக்கட்டைகளை இறுக்கி வைக்க வேண்டும். வலுவான மரத்துண்டை ஆப்பு வடிவில் வெட்டி வீட்டிலேயே இக்கட்டைகளைச் செய்துகொள்ளலாம். அவற்றில் கயிறு கட்டி வைத்தால் எடுப்பது எளிது. அதன்பிறகு படகின் கயிறு ஒன்றைக் கரையிலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு, வின்ச்சை விடுவித்துப் படகை மெல்ல நீரில் தள்ளலாம்.

கரையேற்றும்போது

இறக்குவதைவிட ஏற்றுவதே கடினம். படகில் மீனும் தேங்கிய நீரும் சேர்ந்திருக்கும், டயர்கள் நனைந்திருக்கும், ஆள்களும் களைத்திருப்பர். தேங்கிய நீரையும் மீன்பெட்டியையும் முதலில் வெளியேற்றிவிட்டு, படகை வின்ச்சால் இழுத்து இறுகக் கட்டுக. வண்டியின் பின்னாலும் படகின் பின்னாலும் எவரும் நிற்றல் ஆகாது. கிளட்சை மெல்ல விட்டு, வண்டி இழுக்கத் தொடங்கியதை உணர்ந்தபின் கைப்பிரேக்கை விடுவிக்கவும். வண்டி முன்னேறிய பின்னரே கட்டைகளை எடுக்க வேண்டும்.

சக்கரம் சுழன்றால் உடனே நிறுத்துங்கள். மேலும் மிதிப்பதால் பயனில்லை. வண்டி பக்கவாட்டில் சறுக்கவே அது வழிசெய்யும். கட்டைகளை மீண்டும் வைத்துவிட்டுப் பின்வரும் வழிகளை வரிசையாகக் கையாளுக:

1. டயருக்கு முன்னுள்ள பாசியை மண்வெட்டியால் சுரண்டி, மணல் தூவுக. அல்லது பழைய சாக்குகளை விரிக்கவும்.

2. பின் அச்சின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றுக. மூட்டைக்குப் பதிலாக ஆள்களை ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

3. படகை மீண்டும் மிதக்கவிட்டு, வெறும் இழுவண்டியோடு மேலேறுங்கள். படகு நீரில் காத்திருப்பதால் நட்டமில்லை.

4. மற்றொரு வண்டியின் உதவியைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா. இழுகயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும். எனவே இழுக்கும்போது அனைவரும் தொலைவில் நிற்றல் வேண்டும்.

வண்டி சரியத் தொடங்கிவிட்டால் எவரும் பின்னால் ஓடித் தாங்க முயலாதீர். ஓட்டுநர் கால் பிரேக்கை அழுத்தியும் நிற்கவில்லையெனில், தாமதியாது வெளியேறுக. வண்டியை மீண்டும் வாங்கலாம்; குடும்பத் தலைவனை மீண்டும் பெறமுடியாது.

வீடு திரும்புமுன் பிரேக்கைச் சில முறை மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். விளக்குகளை மீண்டும் இணையுங்கள். கடல்நீரில் இறங்கியிருந்தால் இழுவண்டியின் சக்கரங்களை நன்னீரால் கழுவ மறவாதீர்.

வெள்ளக் காலத்தில்

இக்கல்வி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, பொதுமக்கள் பலர் தங்கள் படகுகளோடு வந்து அண்டை அயலாரை மீட்டனர். அத்தகைய நாளில் சாலையே படகுத்துறை ஆகிவிடும். ஆனால் கலங்கிய நீரின் அடியில் வடிகாலும் பள்ளமும் மறைந்திருக்கும். ஓடும் நீரோ வண்டியையே புரட்டிவிடும். ஆகவே வண்டியை உலர்ந்த இடத்திலேயே நிறுத்தி, படகைக் கைகளால் தூக்கி நீரில் விடுவதே அறிவுடைமை. மிதவைச் சட்டை அணியாமல் எவரும் ஏறலாகாது. 999 என்ற எண்ணுக்கு அழைத்துத் தகவல் தந்து, மீட்புப் படையினரின் சொற்படி நடந்துகொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறைக்குப் படகைப் பூட்டுமுன், முட்டுக்கட்டைகள் இரண்டும் மணல் மூட்டைகள் நான்கும் வண்டியில் ஏறிவிட்டனவா என்று பாருங்கள். பின்சக்கரம் இரண்டும் உலர்ந்த தரையில் நிற்கட்டும். முன்சக்கரம் இரண்டும் கட்டையில் தங்கட்டும். இந்த இரண்டையும் கைக்கொண்டவர் போன வழியே நலமாக வீடு திரும்புவார்.