மூலபாடமும் இணையக் களஞ்சியமும்

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங்கண்டார். ஒரு சொல் இரு சுவடிகளில் இருவேறாக நிற்பதை ஓலை காட்டும். அதனை மாற்றியவர் யார், எப்பொழுது, எதன் பொருட்டு என்பதைக் காட்டாது. பதிப்பாசிரியர் உய்த்துணரவே வேண்டியிருந்தது.

மென்பொருள் எழுதுவோர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. பல நாட்டார் கூடித் திருத்தும் மூலநிரலில் பழைய வரி அழிந்தால் சுவடே இராது. லினக்ஸ் கருவகத்தின் பொருட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் திருத்தியவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு பதிந்து வைக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணும் எழுத்துமாக வழக்கமாய் 40 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. முந்தைய பதிவின் அடையாளத்தையும் சேர்த்தே அது கணிக்கப்படுவதால், பழைய பதிவொன்றைக் கமுக்கமாக மாற்றினால் பின்வருவன அனைத்தின் அடையாளமும் மாறிவிடும்.

ஹதீஸ் கலையின் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரை இது நமக்கு நினைவூட்டுகிறது. ஆயினும் வேற்றுமை ஒன்று உண்டு. முஹத்திஸ்கள் தொடரைப் பதிந்ததோடு அமையாது, அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். கிட்டிலோ, எழுதுபவர் இட்ட பெயரே பெயர். பிறர் பெயரை இடுவதும் எளிது. மின்கையொப்பம் வேண்டப்படுவது இதனாலேயே. மாணவர் பலரும் இதனைக் கருதுவதில்லை.

இத்தகைய களஞ்சியங்களுக்கு இணையவழி இடமளிக்கும் நிலையங்களுள் சோர்ஸ்ஃபோர்ஜ் 1999இலும், கிட்ஹப் 2008இலும் தோன்றின. பொதுவில் வைத்த களஞ்சியத்தை எவரும் படிக்கலாம். எழுதும் உரிமை உரியவர் அளிப்பது. பிறர் தமக்கெனப் படியெடுத்துத் திருத்தி, இணைத்துக்கொள்ளுமாறு வேண்டலாம். உரியவர் ஆராய்ந்து ஏற்பார், அன்றேல் மறுப்பார். பாடபேதம் கூறும் புலவரும் பதிப்பாசிரியரும் போன்ற உறவு இது எனலாம்.

நிலையங்கள் நிலையானவை அல்ல. 2006இல் தொடங்கிய கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது. கிட்டோரியஸ் 2015இலேயே மறைந்தது. கிட் முறையில் படியெடுப்பவர் வழக்கமாக இறுதிப் பாடத்தை மட்டுமன்றி முழு வரலாற்றையும் பெறுகிறார். எனவே நிலையம் மூடினும், எங்கோ ஒரு மாணவர் கணிப்பொறியிலுள்ள படியைக் கொண்டு வேறிடத்தில் களஞ்சியத்தை மீட்கலாம். ஆனால் பிழைகள் குறித்த முறையீடுகளும், ஒரு திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று நடந்த உரையாடல்களும் பெரும்பாலும் நிலையத்தின் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றன. அவை அப்படியோடு வருவதில்லை. அவற்றைத் தனியே படியெடுத்து வைத்தல் வேண்டும்.