தலை திரும்பலாம், ஒலி திரும்பக் கூடாது

அனிமேஷன், கேமிங் துறைக்கென்று கர்நாடக அரசு 2012-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2024-இல் வந்த புதிய கொள்கையின் பெயரிலேயே, வி.ஆர் எனப்படும் மெய்நிகர் உலகையும் உள்ளடக்கிய எக்ஸ்ஆர் சேர்ந்துகொண்டது. அந்த வேலையை நம்பி பெங்களூருக்கு வரும் நம் பிள்ளைகள் சிலர் அல்சூரில் என் வீட்டுக்கும் வந்து போகிறார்கள். படத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஒலியைப் பற்றிக் கேட்பதோ, வேலையை ஒப்படைக்கும் வாரத்தில்தான். அவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் பசவனகுடிக்குப் போங்கள். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று அங்கே கடலைக்காய் பரிஷே என்ற வேர்க்கடலைத் திருவிழா. வேர்க்கடலைக் குவியல்களுக்கு நடுவே நின்று கண்ணை மூடுங்கள். படியில் அளந்து கொட்டும் சத்தம் வலப்பக்கம், பீப்பி ஊதும் பிள்ளை பின்னால், மரத்தில் காகம். இதையெல்லாம் இரண்டே காதுகள் எப்படிப் பிரித்துச் சொல்கின்றன? ஒரு காதைத் தொட்ட ஒலி மறு காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் ஏறக்குறைய 0.7 மில்லிவிநாடி ஆகும். தாழ்ந்த ஒலிகளுக்கு இந்த நேர வித்தியாசமும், கீச்சொலிகளுக்குத் தலை மறைப்பதால் வரும் அளவு வித்தியாசமும் இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன என்று இயற்பியலாளர் ராலே பிரபு 1907-இல் விளக்கினார். மேலா கீழா என்று சொல்வது பெரும்பாலும் காதுமடலின் மடிப்புகள்.

2. உங்கள் காதுமடல் உங்களுடையது மட்டும்தான். தலையும் காதுமடலும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று சொல்லும் ஹெச்ஆர்டிஎஃப் என்ற அளவீடு, மென்பொருளில் இருப்பது, வேறு யாருடைய தலையிலோ, பொம்மைத் தலையிலோ எடுத்தது. அதனால் முன்னால் வைத்த ஒலி சிலருக்குப் பின்னால் கேட்கும். பதற வேண்டாம். தலையைக் கொஞ்சம் அசைத்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே, முக்கியமான ஒலியை ஒரு நொடியில் முடித்துவிடாதீர்கள். கேட்பவர் திரும்பிப் பார்க்கும் வரையாவது அது இருக்கட்டும்.

3. என்னிடம் வரும் புகார்களில் அதிகம் இதுதான்: "சரவுண்ட் போட்டும் சத்தம் குகைக்குள் கேட்கிறது, ஐயா." கணினியைத் திறந்து பார்த்தால் விண்டோஸ் சோனிக் என்ற சரவுண்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் டால்பி அட்மாஸ், டிடிஎஸ் ஹெட்ஃபோன் எக்ஸ். உள்ளே விளையாட்டிலும் ஸ்டீம் ஆடியோவோ மெட்டாவின் ஒலிக் கருவியோ ஏற்கெனவே ஒவ்வொரு ஒலிக்கும் இடம் கொடுத்திருக்கும். இடம் கொடுத்து முடித்த ஒலிக்கு மறுபடியும் இடம் கொடுத்தால் குரல் மங்கும், திசை கலங்கும். காய்ச்சிய பாலை மறுபடி மறுபடி காய்ச்சினால் என்ன ஆகும்? இடம் கொடுக்கும் வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். வி.ஆரில் அது விளையாட்டின் எஞ்சின்.

இதற்குக் காரணம் உண்டு. கணினியின் 7.1 சரவுண்ட் மென்பொருள், திரையை நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்தது. அதன் கற்பனை ஸ்பீக்கர்கள் தலையோடு ஒட்டியவை. நீங்கள் திரும்பினால் அவையும் கூடவே திரும்பும். வி.ஆரில் கோயில் மணி கோயிலிலேயே அடிக்க வேண்டும். தலை எங்கே இருக்கிறது என்று தெரிந்த எஞ்சினால்தான் அது முடியும். ஆகவே விண்டோஸ் ஒலி அமைப்புக்குப் போய் ஸ்பேஷியல் சவுண்டை அணைத்துவிடுங்கள். ஹெட்செட்டுக்குள்ளேயே மெய்நிகர் திரையரங்கில் 5.1 படம் பார்ப்பதாக இருந்தாலும் இதே கணக்குதான். ஸ்பீக்கர்கள் அந்த அரங்கின் சுவரில் நிற்கட்டும்.

4. சுற்றொலிப் பதிவுக்கு ஆம்பிசானிக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் கெர்சான் வளர்த்தெடுத்த முறை இது. முதல் படிக்கு 4 தடங்கள், இரண்டாம் படிக்கு 9, மூன்றாம் படிக்கு 16. முழுச் சுற்றையும் ஒரே பதிவாக வைத்து, தலை திரும்பத் திரும்ப அதைச் சுழற்றிக்கொள்ளலாம். ஆனால் தடங்களின் வரிசையில் இரண்டு வழக்கங்கள் உண்டு: பழைய ஃபியூமா, இப்போது பரவலான ஆம்பிஎக்ஸ். பரிஷேயில் நான் ஃபியூமாவில் பதிந்ததை ஆம்பிஎக்ஸ் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். எதிரே நின்று விலை சொன்ன அம்மா இடப்பக்கம் போனார். இடப்பக்கத்து ஆட்டோ தலைக்கு மேல் ஹாரன் அடித்தது. மேலே கத்திய காகம் முகத்துக்கு நேராக வந்தது. இரண்டு நாள் மைக்கைச் சந்தேகித்தேன். அன்றிலிருந்து கோப்பின் பெயரிலேயே வழக்கத்தை எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

5. கம்பி ஹெட்ஃபோன் வாங்குங்கள். புளூடூத்தில் ஒலி தாமதித்து வரும். கதவு மூடிய பிறகு சத்தம் கேட்டால் மாயம் அங்கேயே கலைந்தது. மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஹெட்ஃபோன் துளை உண்டு, 3எஸ்-இல் இல்லை.

6. எல்லா ஒலியையும் சுற்றி வைக்க ஆசை வரும். ஏ.ஆர். ரஹ்மான் இயக்கிய 'லே மஸ்க்' என்ற வி.ஆர் படம் 2022-இல் கான் திரைப்படச் சந்தையின் எக்ஸ்ஆர் பிரிவுக்குப் போனதிலிருந்து, இசையையும் அப்படிச் சுழற்ற வேண்டும் என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. கதைக்குள் ஒருவர் வாசிக்கும் வீணைக்கு இடம் கொடுங்கள். பின்னணி இசை பெரும்பாலும் சாதாரண ஸ்டீரியோவாகவே இருக்கட்டும்.

7. சோதனையை நீங்களே செய்யாதீர்கள். எது எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத்தான் தெரியுமே. வீட்டில் அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ ஹெட்செட்டை மாட்டி, படத்தை அணைத்துவிட்டு, "சத்தம் வரும் பக்கம் கையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தவறான பக்கம் காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டாம். எந்தப் பக்கம் காட்டினார் என்று குறித்துக்கொண்டு, கோப்பை மறுபடி திறவுங்கள்.