முகவெட்டுக்கு ஏற்ற சடையும் முண்டாசும்

வீரகேரளம்புதூரில் தலைமுடியைப் பற்றியோ தொப்பியைப் பற்றியோ பேச வேண்டுமென்றால் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று குற்றாலத்தில் சாரலாக இறங்குகிறது. சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் வருவதற்குள் ஈரம் வற்றி வெறும் காற்றாகிவிடுகிறது. அங்கே காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். குளிரூட்டிய அறையில் எடுத்த படத்தைப் பார்த்துச் செய்துகொண்ட அலங்காரம் பஸ் ஸ்டாண்டு வரைகூடத் தாங்காது. ஆகவே முகத்துக்குப் பொருந்துவதை முதலில் கண்டுபிடிப்போம். காற்றுக்கும் வெயிலுக்கும் எது நிற்கும் என்று பிறகு பார்ப்போம்.

முதலில் அளவு

முடியை முழுவதும் பின்னுக்கு வாரிக் கட்டிக்கொண்டு, பகல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி கண்ணாடி முன் நில்லுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும். நெற்றியின் அகலமான இடம், ஒரு கன்ன எலும்பிலிருந்து மறு கன்ன எலும்பு, காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்திலிருந்து மோவாய் நுனி (இதை இரண்டால் பெருக்குங்கள்), முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை நீளம் என நான்கு அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீளமும் கன்ன அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து தாடை வளைந்திருந்தால் வட்ட முகம். அதே அளவில் தாடை கோணமாக இருந்தால் சதுர முகம். நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருந்து ஓரங்கள் மெல்ல இறங்கினால் நீள்வட்டம். அதையும் தாண்டினால் நீண்ட முகம். நெற்றி அகன்று மோவாய் கூர்ந்தால் வெற்றிலை போன்ற முகம். கன்ன எலும்பு மட்டும் அகன்று மேலும் கீழும் ஒடுங்கினால் வைர முகம். பெரும்பாலோர் இரண்டு வகை கலந்தவர்கள். அதனால் பெயரைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான்கில் எந்த அளவு மற்றவற்றைவிட முந்தி நிற்கிறது என்பது தெரிந்தால் போதும்.

கைநீளத்தில் போனைப் பிடித்து எடுத்த செல்ஃபியை நம்பாதீர்கள். அவ்வளவு அருகில் மூக்கு பெரிதாகும், கன்ன ஓரங்கள் பின்வாங்கும், முகம் உள்ளதைவிட ஒடுங்கித் தெரியும். வீட்டில் யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று கண் மட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு வகிடும் சடையும்

முகத்தில் குறையென்று எதுவும் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: உயரம் குறைந்த இடத்தில் உயரமும், அகலம் குறைந்த இடத்தில் அகலமும் சேர்ப்பது.

வட்ட முகத்துக்கு உச்சியில் சற்றுத் தூக்கி வாரி, வகிட்டை ஓரத்தில் எடுங்கள். காதை மூடிக் கன்னத்தில் பொங்கி நிற்கும் முடி வேண்டாம். நீண்ட முகத்துக்கு நேர்மாறு. உச்சியில் தூக்கல் கூடாது. காதை ஒட்டித் தளர்வாக விட்டால் முகம் நிறையும். பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்ட இரட்டைச் சடை இந்த முகத்துக்கு எந்த வயதிலும் அழகு. நீண்ட முகத்துக்கு நெற்றியில் முடி வெட்டிவிடச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அது வியர்வையோடு நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முன்முடியைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுவதையே நான் சொல்வேன். சதுர முகத்துக்குத் தாடை மட்டத்தில் வெட்டு முடியக் கூடாது, அதற்குக் கீழே இறங்கட்டும். வெற்றிலை முகத்துக்குப் பிடரியில் தாழ்ந்த கொண்டை. வைர முகக்காரர்கள் கன்னத்தை மறைக்காமல் விட்டால் போதும். நீள்வட்டத்துக்கு எல்லாம் பொருந்தும்.

எந்த முகமானாலும் தினமும் இறுக்கிப் பின்னாதீர்கள். ஓயாமல் இழுபடும் வேர் தளர்ந்து, நெற்றி ஓரத்து முடி கொட்டத் தொடங்கும். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் திரும்ப முளைக்காமலும் போகலாம்.

பூவை எங்கே வைப்பது என்பதை நம் ஊர்ப் பெண்கள் கைப்பழக்கமாகவே செய்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் யோசித்துச் செய்தால் முகமே மாறித் தெரியும். சங்கரன்கோவில் சந்தையிலிருந்து வரும் பிச்சியோ மல்லிகையோ, எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது கழுத்தின் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும் பகுதி மட்டுமே. நீண்ட முகத்துக்கு அது தெரியட்டும்: இரண்டு முழத்தை மடித்துத் தாழ்வாக, இரு தோளுக்கும் மேலே தெரியும்படி வையுங்கள். வட்ட முகத்துக்கு நேர் பின்னால் நீளவாக்கில் தொங்கவிடுங்கள், அல்லது கொண்டையின் மேல் பாதியில் சுற்றுங்கள். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை. ஆனால் எடை குறைவு, சீக்கிரம் வாடாது. மெல்லிய முடிக்காரர்கள் கனத்த சரத்தை வைத்துச் சடை சரிவதைக் காட்டிலும் கனகாம்பரமே மேல்.

கல்யாணப் பெண்ணுக்குப் பூஜடை முதுகுக்குத்தான் அலங்காரம். முகத்தை மாற்றுவது நெற்றிச்சுட்டி. ஒற்றையாக நீண்டு இறங்கும் சுட்டி வட்ட முகத்தை நீட்டும்; இரு பக்கமும் வகிட்டோரம் ஓடும் சரம் நீண்ட முகத்துக்கு அகலம் தரும். சூரியப்பிறை, சந்திரப்பிறை வைப்பதற்கு முன் இதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஆண்கள் முடிவெட்டும் அண்ணாச்சியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னால் போதும். வட்ட முகம் என்றால், “பக்கத்துல ஒட்ட வெட்டுங்க, மேல விடுங்க.” நீண்ட முகம் என்றால், “பக்கத்துலயும் கொஞ்சம் விடுங்க அண்ணாச்சி, மேல ஏத்த வேண்டாம்.” இப்போது எல்லாப் பையன்களும் ஒரே மாதிரி ஓரத்தை வழித்துக்கொள்கிறார்கள், ஒடுங்கிய முகத்தை அது இன்னும் ஒடுக்கிவிடுகிறது. கிருதாவும் மீசையும் தாடியும் இதே கணக்குத்தான்.

தலையில் வைப்பது

தொப்பியிலும் தலைப்பாகையிலும் இந்தக் கணக்கைப் பழகப் பாரதியாரின் படத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1918 முதல் 1920 வரை மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில், இதே தென்காசிச் சீமையில் வாழ்ந்தவர் அவர். ஒடுங்கிய முகம். தலைப்பாகை நெற்றியின் மேல்பகுதியை மூடி நீளத்தைக் குறைக்கிறது, காதுக்கு மேலே பருத்து அகலம் தருகிறது. முறுக்கிய மீசை நடுவே ஒரு குறுக்குக்கோடு போடுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு எம்.ஜி.ஆர். நிறைந்த கன்னங்களுக்கு மேலே அந்த வெள்ளைத் தொப்பி எழுந்து நின்று உயரம் சேர்த்தது.

மாப்பிள்ளைக்கு உருமா என்னும் தலைப்பாகை கட்டும் வழக்கமுள்ள வீடுகளில், கட்டுகிற பெரியவரிடம் முந்தின நாளே முறையாகச் சொல்லிவிடலாம்: “மாமா, பையனுக்கு வட்ட முகம், கொஞ்சம் உயரமா, மடிப்பு சாய்வா வர்ற மாதிரி கட்டுங்க.” நீண்ட முகமென்றால் மடிப்பு படுக்கையாக, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே தாழ்ந்து வரட்டும்.

வெயிலுக்கான தொப்பியில் அழகுக்கு முன்னால் விளிம்பைப் பாருங்கள். கிரிக்கெட் கேப் காதையும் பிடரியையும் காப்பதில்லை. சுற்றிலும் மூன்று அங்குல விளிம்பாவது வேண்டும். ஆடியில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். வட்ட முகத்துக்கு மேல்பகுதி உயர்ந்த தொப்பி, சற்றுச் சாய்த்து. நீண்ட முகத்துக்கு உயரம் குறைந்து விளிம்பு அகன்றது, நெற்றியில் இறக்கி. சதுர முகத்துக்கு வளைந்த விளிம்பு. வெற்றிலை முகத்துக்கு மிக அகன்ற விளிம்பு வேண்டாம், நெற்றியை இன்னும் பெரிதாக்கும்.

வாங்கும்போது புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் கணக்கைக் கடையில் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுத்து, உள்பட்டையில் துணி மடித்து வைத்துத் தையுங்கள். நாடா இல்லாத தொப்பியை நம் ஊர்க் காற்றில் போடாதீர்கள். உள்பக்கம் இரு காது ஓரத்திலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்து மோவாய்க்குக் கீழே மாட்டிக்கொண்டால், பனையோலைத் தொப்பிகூட ஆடிக்காற்றுக்கு நிற்கும்.

பைக்கில் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சிக் கொண்டை ஹெல்மெட்டை உட்காரவிடாமல் மேலே தூக்கும். பட்டையை மாட்டினாலும் பாதுகாப்பு இல்லை. பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னிக்கொண்டு புறப்படுங்கள். கொண்டை ஊசியும் சீப்பும் பையில் இருக்கட்டும், பூவை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இறங்கியதும் ஐந்து நிமிடத்தில் கொண்டை போட்டுப் பூ வைத்துவிடலாம்.