அப்பாவின் பழைய ‘லை’

புதுக்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது.  

உன் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு நாளிதழில் விளம்பரம் கொடுக்கப் போவதாகவும், படத்துக்குக் கீழே போட நாலு வரி வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இரண்டு நாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். ‘ஏணியாய் நின்றவர்’, ‘எழுத்தறிவித்த இறைவன்’ என்றெல்லாம் வந்தது. அவற்றில் என் தம்பி வரவில்லை. அந்த வரிகளை எந்த வாத்தியார் படத்துக்குக் கீழேயும் போடலாம். அதனால் உனக்கு வேறொரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்கி அவன் வாழ்க்கையை எழுது. பெருமையில் தொடங்காதே, அவன் கை செய்த வேலையில் தொடங்கு.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவான். மறுநாள் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் அவனுக்கு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. ணை, லை, ளை, னை எல்லாம் அதுவரை யானைத் துதிக்கை போல வளைத்து எழுதியவை. றா, ணா, னாவுக்கும் தனி வடிவம். மற்றவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. சின்ன வயதிலிருந்து வளைத்த கை சட்டென்று திருந்துமா? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி புது ‘லை’ எழுதிப் பழகினான். ஆனால் எனக்குப் போட்ட கடிதங்களில் கடைசிவரை பழைய ‘லை’தான். கேட்டால், “பள்ளிக்கூடத்துக்குப் புதுசு, வீட்டுக்குப் பழசு அக்கா” என்பான்.

வீட்டுக்கு அப்பா என்ன மிச்சம் வைத்தார் என்பதுதான் உன் மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியும். காரியத்தன்று பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, “சார் எனக்கு அப்பா மாதிரி” என்று சொன்னபோது நீ எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். அவன் வகுப்பில் நீயும் அவனை ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஐந்து பேர் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் முதல் அடி உனக்கு. வாத்தியார் பிள்ளை என்று சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அது தப்பு. அப்போதே நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு 1991-இல் நம் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. பகலில் பள்ளிக்கூடம், இரவில் கல்குவாரிப் பெண்களுக்கு அரிக்கேன் விளக்கில் பாடம். பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழக வேண்டும் என்று கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முனைந்து நின்ற நேரம் அது. நீ குரங்குப் பெடல் போடக் காத்திருந்த உங்கள் வீட்டுச் சைக்கிள் மாதக்கணக்கில் அந்தப் பெண்களிடமே இருந்தது.

இந்த மனத்தாங்கலையும் நோட்டில் எழுது. மறைத்தாயானால் அந்த நோட்டில் சார் மட்டும்தான் இருப்பார், அப்பா இருக்க மாட்டார். ஊராருக்கு எழுதத் தெரிந்தது சாரைப் பற்றி மட்டுந்தான். அப்பாவை எழுத உன்னை விட்டால் ஆள் கிடையாது.

சாரைத் தெரிந்துகொள்ள ஊருக்குப் போ. பழைய மாணவர்களிடம் “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதே; “தங்கமானவர்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். “உங்களை எதற்குத் திட்டினார்? உங்கள் வீட்டுக்கு எப்போது வந்தார்?” என்று கேள். சத்துணவுக் கூடத்தில் சமைத்த அம்மாவைப் பார். 1982-இல் சத்துணவு வந்ததிலிருந்து, முதல் கவளத்தை அவன் வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் தட்டில் விழும். அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தள்ளிப் போடாதே. உன் சைக்கிளில் பழகியவள் யாரென்றும் தேடிப் பார். அவளை உன் நோட்டில் ஒரு கையெழுத்துப் போடச் சொல். உன் அம்மாவிடம் கடைசியாக உட்கார், அவசரப்படுத்தாதே. யார் எதைச் சொன்னாலும் அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுது, மெருகு போடாதே.

இதனுடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அறிவொளி நடந்த அந்த வருஷம் அவன் எனக்கு எழுதியது. உன்னிடம் காட்ட இத்தனை காலம் எனக்குத் தோன்றாமல் போனது என் குற்றம். “பையன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அக்கா. சைக்கிளைக் கேட்டான், கொடுக்க முடியவில்லை. பத்து நிமிஷம் அவனோடு உட்காரவும் முடியவில்லை” என்று எழுதியிருக்கிறான். மூன்று இடத்திலும் அந்த வளைந்த ‘லை’யைப் பார். பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கை இல்லை அது.

அந்தக் கடிதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டு. விளம்பரத்துக்குப் பெயரும் இரண்டு தேதிகளும் போதும்.

அன்புடன்,
அத்தை