ஷார்ட்கட் வேறு, கோப்பு வேறு

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் வைக்கிறோம். கடைசி நாளில் அவற்றைத் தேடி அலையாதிருக்க, விண்டோஸ் கணினியில் செய்ய வேண்டியவை இவை.

சான்றிதழ்கள் அனைத்தையும் 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே அந்த ஃபோல்டரை மவுஸால் இழுத்து டெஸ்க்டாப்பில் விட்டால், அங்கே ஒரு ஷார்ட்கட் உருவாகும்.

அன்றாடம் பயன்படுத்தும் புரோகிராமைத் திறந்ததும், திரையின் அடியிலுள்ள டாஸ்க்பாரில் அதன் படம் தெரியும். அதில் வலது கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' என்பதைக் கொடுங்கள். மூடினாலும் அங்கேயே இருக்கும். வரிசையில் முதலாவதைத் திறக்க விண்டோஸ் விசையுடன் 1, இரண்டாவதற்கு 2 அழுத்தினால் போதும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். படத்தின் மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். கோப்பு இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகை, அவ்வளவே. அதை அழித்தாலும் கோப்பு அழியாது. ஆனால் அதை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால், அங்கே ஒன்றும் திறக்காது. ஷார்ட்கட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளையே நகலெடுங்கள்.

அம்புக்குறி இல்லாததை அழித்தால் போவது உண்மையான கோப்பு. கைதவறி அழித்துவிட்டால் உடனே 'ரீசைக்கிள் பின்' திறந்து, அதில் வலது கிளிக் செய்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். காலி செய்யாதவரை அங்கே கிடைக்கும்.